மூளையின் கதவைத் தட்டியவர்கள்



விட்டுவிட்டு மின்னும் கண்ணாடி, ரீங்கரிக்கும் ஹெட்போன், காது மடலில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் கிளிப். மூன்றும் ஒரே பெட்டியில் சேர்ந்த கருவிகள் இப்போது இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. மனம் ஒருமுகப்படும், ஞாபகம் கூடும் என்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்த ஒரு பெட்டிக்குள் மூன்று தனித்தனி வரலாறுகள் இருக்கின்றன.

மூத்தது மின்சாரம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். வகுப்பில் கால்வானியின் தவளைக்கால் கதை சொன்னேனே, நினைவிருக்கிறதா? அவருடைய மருமகன் ஜியோவானி ஆல்டினி, 1801இல் இத்தாலியின் போலோனியா நகரில் மனச்சோர்வுற்ற ஒரு விவசாயியின் தலையில் மின்கலத்தின் மின்சாரத்தைச் செலுத்தினார். தம் தலையிலும் சோதித்துப் பார்த்தார். அதன்பின் சில நாட்கள் தூக்கமே வரவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சோவியத் மருத்துவர்கள் கண்ணிமையிலும் காதின் பின்புறமும் லேசான மின்துடிப்புகளைக் கொடுத்து, அதற்கு 'மின்தூக்கம்' என்றே பெயர் வைத்தார்கள்.

அடுத்தது வெளிச்சம். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது நொடிக்குச் சுமார் 10 அலைகள். பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதைச் சோதித்து உறுதி செய்தார்கள். விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தைக் காட்டினால் மூளையின் அலையும் அந்தத் தாளத்தைப் பின்பற்றுவதையும் கண்டார்கள். 1940களில் பிரிஸ்டலில் கிரே வால்டர் இதை விரிவாக ஆராய்ந்தார். மின்னும் ஒளியில் சிலருக்கு வண்ணங்களும் கோலங்களும் தெரிந்தன. சிலருக்கு வலிப்பின் அறிகுறிகள் பதிவாயின. இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1958 டிசம்பர் 21 அன்று, பிரையன் கைசின் என்ற ஓவியர் பிரான்சில் மார்சேய் நோக்கிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். சாலையோர மரங்களின் இடைவெளியில் வெயில் விட்டுவிட்டு அடிக்க, மூடிய கண்ணுக்குள் வண்ண வெள்ளம். பிறகு அவரும் நண்பர் இயன் சோமர்வில்லும் ஓட்டை போட்ட உருளையை கிராமபோன் தட்டில் சுழலவிட்டு, நடுவில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு 'கனவு இயந்திரம்' செய்தார்கள். இன்றைய கண்ணாடிக்கு அதுதான் பாட்டனார்.

மூன்றாவது ஒலி. 1839இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் டோவ ஒரு புதுமையைக் கண்டார். ஒரு காதில் நொடிக்கு 400 அதிர்வுள்ள ஒலி, மறு காதில் 410 என்று கொடுத்தால், நொடிக்கு 10 முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பு கேட்கும். காற்றில் அப்படி ஒன்று இல்லை. இரண்டு காதுச் செய்தியையும் சேர்க்கும் மூளைதான் அதை உண்டாக்குகிறது.

1980களில் எல்.இ.டி. விளக்கும் மின்னணுச் சில்லும் மலிந்தன. ஒளியும் ஒலியும் கையடக்கப் பெட்டிக்குள் வந்தன. 1986இல் வந்த மைக்கேல் ஹட்சிசனின் 'மெகாபிரெய்ன்' நூல் இவற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பின்னர் காது மடல் மின்சாரமும் அதே பெட்டிக்குள் சேர்ந்தது. 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும், மண்டைக்கு வெளியிலிருந்து கொடுத்த வெறும் 1 மில்லிஆம்பியர் மின்சாரம், நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் மூளையின் இயக்கப் பகுதியில் மாற்றத்தை வைத்திருக்கும் என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் 9 வோல்ட் பாட்டரியோடு வீட்டிலேயே முயன்று பார்க்கக் கிளம்பிவிட்டது ஒரு கூட்டம்.

மூன்றும் சேர்ந்தால் மும்மடங்கு பலன் என்பது விற்பவர் கணக்கு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1755இல் சார்லஸ் லெ ருவா என்ற பிரெஞ்சு மருத்துவர், பார்வையற்ற ஓர் இளைஞனின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சினார். பார்வை வரவில்லை, ஆனால் ஒளிப்பொறிகள் தெரிந்தன. 2008இல் லண்டனில் பின்மண்டையில் மாறுமின்சாரம் கொடுத்தபோதும் மினுக்கொளி தெரிந்தது. மூளையின் பார்வைப் பகுதிதான் காரணம் என்றார்கள். இல்லை, மின்சாரம் பரவி விழித்திரையைத் தொட்டுவிட்டது என்றார்கள் வேறு ஆய்வாளர்கள். மின்சாரம் ஒன்றை மட்டும் கொடுத்தபோதே எது வேலை செய்தது என்று இத்தனை வழக்கு. மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் எதை நம்புவது? ஒளியா, ஒலியா, மின்சாரமா, அல்லது அரை மணி நேரம் கண்மூடிச் சும்மா உட்கார்ந்திருந்ததா?

2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நொடிக்கு 40 முறை மின்னும் ஒளியால் எலிகளின் மூளையில் அல்சைமர் நோயோடு தொடர்புள்ள புரதம் குறைந்ததாக அறிவித்தார்கள். 2019இல் ஒலியையும் சேர்த்து முயன்றார்கள். 2023இல் நியூயார்க் குழு ஒன்று ஒளிச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனிதர்களிடம் சோதனைகள் நடக்கின்றன. ஆய்வுக்கூடமே இன்னும் முடிவு சொல்லாத விஷயத்துக்கு, விளம்பரம் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஆபத்து மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்ன, சுமார் 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அதற்கு முன் வலிப்பே வராத பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். கிரே வால்டரின் பதிவில் இருந்த எச்சரிக்கை அதுதான்.

எனவே என் பதில்: பிள்ளைகளுக்கு வேண்டாம். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்த வரலாறு இருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, பெரியவர்களும் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு இரவில் எட்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுங்கள். ஞாபகத்துக்கு அது செய்கிற உதவியை நிரூபிக்க எந்த விளம்பரமும் தேவையில்லை.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்