துருவ மீன் தாழ்ந்த கரை

முத்துச்சலாபம் நடந்த காலத்தில் தூத்துக்குடித் தோணிகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடுச்சாமத்தில் பாய் விரித்தன. கடல் அடங்கியிருக்கும் பருவம் அது. கரைக்காற்றைப் பிடித்துப் போனால் விடியும் நேரத்தில் முத்துப்பாரை எட்டலாம். வெளிச்சம் இருக்கும்வரை மூழ்கிச் சிப்பி எடுத்துவிட்டு, காற்று கடலிலிருந்து திரும்பியதும் கரையேறலாம். மார்ச் கடைசியில் அப்படிப் புறப்பட்டவர்களுக்கு நேர் தெற்கே தென்சிலுவை நின்றிருக்கும். அதை ஒட்டி மீனே இல்லாத ஒரு கறுப்புத் திட்டு. ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கரிச்சாக்கு என்றார்கள். வெற்றிடம் போலத் தெரிந்தாலும் அது பின்னாலுள்ள விண்மீன்களை மறைத்து நிற்கும் தூசு முகில், இருள் நெபுலா. சற்று மேற்கே மங்கலாக வெளுத்துத் தெரிவது கரீனா நெபுலா.

லண்டனிலோ பாரிசிலோ இருப்பவருக்கு இந்த இரண்டும் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தூத்துக்குடி 8.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் கரீனா நெபுலா இங்கே 21 பாகைக்கு ஏறுகிறது. கையை நீட்டி முட்டி பிடித்தால் இரண்டு முட்டி உயரம். ஓரியன் நெபுலா ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடும். நெபுலாவைப் படம் பிடிக்க நினைப்பவருக்கு இந்தியப் பெருநிலத்தில் இதைவிடத் தெற்கே போக அதிக இடம் மிச்சமில்லை. ஆனாலும் பெரிய தொலைநோக்கி எதுவும் இந்தக் கரைக்கு வரவில்லை.

தெரிந்தவரை, தமிழ்க் கரைக்கு வானியல் தொலைநோக்கி முதலில் வந்தது புதுச்சேரி வழியாக. 1689 டிசம்பரில் அங்கே ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஏசுசபைப் பாதிரியார் ரிஷோ, ஆல்ஃபா செண்டாரி ஒரு மீன் அல்ல, இரட்டை மீன் என்று கண்டார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் இருந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டியைத்தான் இந்தக் கதையின் முன்னோடி என்று சொல்ல வேண்டும். ஆண்ட்ரமீடா விண்மீன் மண்டலத்தின் துணையான எம் 32-ஐ 1749-இல் முதலில் கண்டவர் அவர். வானத்து மங்கல் திட்டுகளைத் தேடி அலைந்த ஆள். இங்கே வந்தது வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலிலேயே நின்றார். 1769-இல் கரையில் காத்திருந்தார், மேகம் மூடிவிட்டது. அந்தத் தங்கலில் அவருக்கு உருப்படியாகக் கிடைத்தது வேறு: ஒரு தமிழரிடம், சோழி வைத்துக் கணக்கிடும் கிரகண முறையைக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பே நிகழ்ந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் அந்தக் கணக்கு 41 விநாடிதான் பிசகியது.

சென்னையில் 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் வைத்த ஆய்வுக்கூடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வுக்கூடமானது. கம்பெனிக்கு வேண்டியது நில அளவையும் கப்பலோட்டமும். ஆகவே வேலையெல்லாம் மீன்களின் இடத்தைக் குறிப்பதில் போயிற்று. அதன் வானியலர் டி. ஜி. டெய்லர் 1844-இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 மீன்கள். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் மீனைக் கண்டுபிடித்தார். சென்னையில் அது தெற்கு அடிவானத்திலிருந்து 14 பாகைதான் எழும்பும். அவ்வளவு தாழ்வானத்திலும் தேடியிருக்கிறார்கள், ஆனால் கண்ணால்.

நெபுலாவைப் படம் பிடிக்கும் கலையைத் தொடங்கியவர்கள் சம்பளத்துக்கு வானம் பார்த்தவர்கள் அல்லர். 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளி வாங்கிப் படமெடுத்த ஹென்றி டிரேப்பர் அமெரிக்க மருத்துவர். 1883-இல் லண்டனுக்கு வெளியே தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து 36 அங்குலக் கண்ணாடியால் அதே நெபுலாவை எடுத்த ஆன்ட்ரூ காமன், கழிவுநீர்ப் பொறியாளர். அவர் தகட்டில் கண்ணுக்கு எட்டாத மீன்கள் விழுந்திருந்தன. தொலைநோக்கியில் கண் ஒரு நொடி பார்ப்பதைத்தான் மறு நொடியும் பார்க்கும்; தகடோ ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். அப்போது நெபுலாவாகவே கருதப்பட்ட ஆண்ட்ரமீடாவை 1888-இல் சுருள் தெரியப் படமெடுத்த ஐசக் ராபர்ட்ஸ் கட்டட ஒப்பந்தக்காரர்.

அந்தப் படங்களுக்குச் சற்று முன்னால் சென்னை மாகாணம் பஞ்சத்தில் கிடந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தூத்துக்குடி வழியாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்குச் சூரியப் புள்ளிகளில் விடை இருக்கலாம் என்று அப்போது பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பலனாக 1899-இல் கொடைக்கானல் ஆய்வுக்கூடம் எழுந்தது. ஆக, தமிழ்நாட்டுக்கு வந்த வானியல் கேமரா பகலில் சூரியனைப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. அங்கே நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் உலகத்துக்கே பொக்கிஷம்தான். மழைக் கணக்கு மட்டும் கைகூடவில்லை.

நெபுலா பக்கம் திரும்பியவர் ஒருவர் பூனாவில் இருந்தார். பாவ்நகர் மகாராஜாவின் நன்கொடையில் அமைந்த ஆய்வுக்கூடத்தில் கே. டி. நேகம்வாலா, ஓரியன் நெபுலாவின் நிறமாலையில் தெரியும் முதன்மைப் பச்சைக் கோட்டை ஆராய்ந்து 1891-இல் லண்டன் ராயல் வானியல் கழக இதழில் எழுதினார். அந்தக் கோடு மக்னீசியத்திலிருந்து வருகிறது என்று ஆங்கில வானியலர் லாக்கியர் வாதிட்டுக்கொண்டிருந்தார். நேகம்வாலாவின் அளவீடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அதைத் தருகிறது என்று 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார். பூனா கூடம் 1912-இல் மூடப்பட்டு, அதன் 20 அங்குலத் தொலைநோக்கி கொடைக்கானல் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் மீண்டும் இரவு வானத்துக்கென்றே ஓர் இடம் அமைய 1960-கள் ஆகிவிட்டன: வானியலர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். தென்வானம் எட்டும் என்பது ஒரு காரணம். முதலில் அங்கே போன 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி கொடைக்கானல் பட்டறையில் செய்தது.

காவலூரையும்விட நான்கு பாகை தெற்கே இருந்தும் தூத்துக்குடிக்கு எதுவும் வராததில் வியப்பில்லை. இங்கே மலையில்லை, உப்புக் காற்று கண்ணாடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும், அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் இரவெல்லாம் விளக்கெரியும். சிறிய தொலைநோக்கியும் கேமராவும் கொண்டுவருபவருக்கு இன்னொரு தொல்லை. வானம் சுழல்வதற்கு ஈடாகக் கருவியும் திரும்ப வேண்டுமானால் அதன் அச்சைத் துருவ மீனை நோக்கி வைக்க வேண்டும். அந்த மீன் இங்கே 9 பாகை உயரத்தில், பனைமரத்துக்குப் பின்னாலோ கடல் மூட்டத்திலோ இருக்கும். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த சில தாங்கிகள் அவ்வளவு தாழக் குனியவும் மாட்டா. குனிந்தாலும் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். ஆகவே துருவ மீனை விட்டுவிட்டு, நடுவானில் ஒரு மீனைப் பிடித்து அது வடக்கிலோ தெற்கிலோ நழுவுவதைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துகிறார்கள்.

பருவம் மட்டும் ஊருக்குச் சாதகம். தென்மேற்குப் பருவமழையில் கேரளத்திலும் மும்பையிலும் கருவிகளை மூடி வைத்திருக்கும்போது, மலைக்கு மறைவில் கிடக்கும் தூத்துக்குடியில் மழை அரிது. விருச்சிகமும் தனுசும் தங்கள் நெபுலாக்களோடு உயரே நிற்பதும் அதே மாதங்களில்தான். குறுக்கே வருவது கச்சான் காற்று. அது குழாயை ஆட்டுவதால், ஒரு மணி நேரம் திறந்து வைப்பதற்குப் பதிலாகச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து, ஆடியதை எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கணினியில் அடுக்குகிறார்கள். துறைமுக வெளிச்சத்துக்கும் வழி உண்டு: 500.7 நானோமீட்டர் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி. நேகம்வாலா அளந்த அதே கோடுதான் அது.

கரீனாவை நன்றாக எடுக்க விரும்புபவர் துறைமுக ஒளியை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தெற்கே மணப்பாடு வரை போக வேண்டும். அங்கே கடற்கரை வளைவதால் தெற்கில் தண்ணீர் மட்டும். தெற்கே தடையற்ற கடல் இருக்கிறது என்பதற்காகவே பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம் அமைக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏவுதளம் வந்தால் விளக்குகளும் வரும். அப்போது படமெடுப்பவர்கள் உவரிப் பக்கம் நகர வேண்டியிருக்கும்.