ஜன்னல் இல்லாத அறையில் வரைந்த மலை

தூரத்து மலையை வரைவது ஓவியர்களுக்குப் பழைய தலைவலி. பக்கத்து மரம் பளிச்சென்று தெரியும், தூரத்து மலை வெளிறி நீலமாகத் தெரியும். நடுவில் இருக்கும் காற்றுதான் காரணம். இதை லியனார்டோ டா வின்சி (1452–1519) தன் குறிப்புகளில் எழுதியே வைத்திருக்கிறார். மோனா லிசாவின் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மலைகளைப் பாருங்கள், புரியும். ஆயில் பெயின்ட் காய நாட்கணக்கில் ஆகும் என்பதால், ஒரு நிறத்தை இன்னொன்றில் மெதுவாக இழைத்து அந்த மூட்டத்தைக் கொண்டுவர முடிந்தது.

1955-ல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில், தண்ணீர் கலந்து தீட்டும் அக்ரிலிக் வந்தது. இது சில நிமிடங்களில் காய்ந்துவிடும், காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. இழைப்பதற்குள் இறுகிவிடும்! தண்ணீராகக் கலக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி மூட்டம் காட்டலாம். அல்லது மூட்டமே வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

விட்டவர் டேவிட் ஹாக்னி. 1964-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து அக்ரிலிக்குக்கு மாறிய இந்த இங்கிலாந்துக்காரர், 1965-ல் கொலராடோவின் போல்டர் நகரில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். போல்டர் ராக்கி மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கிறது. ஆனால் அவருக்குக் கிடைத்த ஸ்டூடியோவில் மலையைப் பார்க்க ஜன்னல் இல்லை (வேடிக்கைதான்). நிலவியல் பத்திரிகைகளைப் பார்த்தும் கற்பனை செய்தும் 'ராக்கி மலைகளும் களைத்த செவ்விந்தியர்களும்' என்ற படத்தை வரைந்தார். மலை முழுக்கப் பட்டை பட்டையாகப் பாறை அடுக்குகள். முன்னால் இரண்டு செவ்விந்தியர்கள், ஒரு நாற்காலி. படத்தின் அமைப்புக்காகப் போட்ட நாற்காலி அது. அதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்றுதான் அவர்களைக் 'களைத்தவர்கள்' ஆக்கினார்!

மலையைப் போலவே அந்த மனிதர்களும் கற்பனைதான். போல்டருக்கு மிக அருகில் இருக்கும் செவ்விந்தியர்களே 300 மைல் தள்ளித்தான் இருக்கிறார்கள் என்று ஹாக்னியே சொல்லியிருக்கிறார். ஏன் அவ்வளவு தூரம்? அதற்குப் படத்தில் பதில் இல்லை.

போல்டர் பள்ளத்தாக்கு அரபாஹோ மக்கள் குளிர்காலத்தில் தங்கிய இடம். 1858-ல் தங்கம் தேடி வந்தவர்கள் அங்கே முகாம் போட்டபோது, அரபாஹோ தலைவர் நிவோட் அவர்களைப் போகச் சொன்னார். அவர்கள் போகவில்லை. 1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக்கில் குதிரைப்படை 150-க்கும் மேற்பட்ட செயேன், அரபாஹோ மக்களைக் கொன்றது. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தப் படையில் போல்டரிலிருந்து சேர்ந்த ஒரு பிரிவும் இருந்தது. நிவோட் அங்கே பட்ட காயத்தால் இறந்ததாகச் சொல்கிறார்கள். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் இன்றைய ஓக்லஹோமாவுக்கும், மற்றவர்கள் வயோமிங்குக்கும் போக வேண்டியதாயிற்று.

ஹாக்னி நாற்காலி போட்டபோது இதெல்லாம் நடந்து நூறு வருடம்தான் ஆகியிருந்தது.