கதிரை வந்த கதை

புது வீட்டுக்குத் தளபாடம் பார்க்கப் போவது தனிச் சந்தோசம். கடையில் நாம் கேட்கும் பெயர்களிலேயே ஒரு வரலாறு இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கீசரிடமிருந்து வந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தருடையது. 1505இல் போர்த்துக்கீசர் வந்தார்கள். 1656இல் கொழும்பை ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். ஆண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கதிரை பெயரோடு தங்கிவிட்டது.

அதற்கு முன் சாதாரண வீடுகளில் இருக்கவும் படுக்கவும் பாய்தான். நம் கிழக்கில் பெண்கள் இழைத்த பன்பாய். விருந்தாளி வந்தால் விரிப்பார்கள், போனால் சுருட்டி வைப்பார்கள்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் சாமான்கள் கடைகளை நிரப்பின. தேக்கிலும் பலாவிலும் தச்சர் செய்த அலுமாரி பேரப்பிள்ளை காலம் வரை நின்றது. இன்று தவணைக்கு வாங்கும் மரத்தூள் பலகை அலுமாரி, தவணை முடியுமுன்னே மாரி ஈரத்தில் ஊதிவிடுகிறது.

இதில் அதிகம் நோவது பெண்ணைப் பெற்றவர்களுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதே பெரும் பாரம். அதை நிரப்பியும் கொடுக்க வேண்டும்.

கதிரையே கப்பலில் வந்தது. அப்படியிருக்க, சோபா செட் இல்லாமல் கலியாணம் இல்லை என்ற சட்டத்தை யார் போட்டது? மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் யோசியுங்கள்.