இரவு ஷிப்டும் பினியல் சுரப்பியும்

2000-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சட்டப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்று சொல்லிவந்த பிரிவு அது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 66(1)(பி). ஆணுக்கு இல்லாத தடை பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பதுதான் வசந்தா என்பவர் தொடுத்த அந்த வழக்கின் கேள்வி. அரசியல் சாசனம் தரும் சமத்துவ உரிமைக்கு அந்தத் தடை விரோதமானது என்றது நீதிமன்றம்.

அடுத்த சில ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே உருமாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. செல்போன் கோக்கும் வரிசைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நின்றார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. நள்ளிரவிலும் கம்பெனி பஸ்கள் ஓடும் சாலையானது பெங்களூரு நெடுஞ்சாலை.

பெண்களுக்கான இரவு வேலைத் தடை இந்தியாவில் பிறந்ததல்ல. 1906-ல் ஐரோப்பிய நாடுகள் சில சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிச் செய்த உடன்படிக்கையில் தொடங்கி, 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு வழியாக உலகெங்கும் பரவியது. வீடு, ஒழுக்கம், ஆரோக்கியம் என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் இரவு விழிப்பு உடலுக்குள் என்ன செய்கிறது என்று சொல்லும் அறிவியல் அப்போது தவழக்கூடத் தொடங்கவில்லை. 'ஹார்மோன்' என்ற சொல்லையே லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அறிமுகம் செய்தது 1905-ல்தான். ஓர் உறுப்பு ரத்தத்தில் கலந்துவிடும் வேதிப்பொருள், தொலைவில் உள்ள இன்னோர் உறுப்பை வேலை செய்யவைக்கிறது என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

இரவுக்கென்றே ஒரு ஹார்மோன் இருப்பது தெரியவர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், மாடுகளின் மூளையிலிருந்து எடுத்த பினியல் சுரப்பிகளை மலைமலையாகச் சேகரித்து, 1958-ல் மெலடோனினைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோல் நிறக் கோளாறுக்கு மருந்து. கையில் சிக்கியதோ உடலுக்கு இரவை அறிவிக்கும் தூது.

பினியல் சுரப்பி அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது. மூளையின் நடுவில் இருக்கும் அது இருட்டைத் தானாக அறியாது. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை உணர்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவை ஹைபோதலாமஸில் உள்ள ஒரு நரம்பு முடிச்சுக்குத் தகவல் அனுப்பும். உடலின் தலைமைக் கடிகாரம் அந்த முடிச்சுதான். அதன் உத்தரவுப்படி இரவில் மெலடோனின் சுரக்கும். பலமான வெளிச்சம் பட்டால் நின்றுவிடும். ஆல்ஃபிரட் லூயியும் உடன் உழைத்தவர்களும் 1980-ல் மனிதர்களிடம் இதைக் காட்டினார்கள். விடியும் நேரத்துக்கோ வேறு ஏற்பாடு. பிட்யூட்டரி சுரப்பி தூண்ட, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைக் கூடுதலாக விடும். உடல் எழுந்து நடமாடத் தயாராகும்.

இப்போது, விளக்கொளியில் நள்ளிரவில் கேன்டீன் சாப்பாடு சாப்பிடும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கணையம் அந்த நேரத்தில் சோற்றை எதிர்பார்ப்பதில்லை. அதே உணவு பகலைவிட இரவில் ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. காலையில் அறைக்குத் திரும்பிப் படுத்தால் கார்டிசால் எழுப்பிவிடப் பார்க்கும். "நைட் முடிச்சிட்டு வந்தா தூக்கமே பிடிக்கல" என்ற புலம்பலுக்குப் பின்னால் இத்தனை சுரப்பிகள் இருக்கின்றன. சோம்பல் என்று மேஸ்திரிகள் வைக்கும் பெயர் அநியாயம்.

இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்தவர்களில் ஓர் இந்தியர் முக்கியமானவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே.சந்திரசேகரன். ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் பயின்று திரும்பியவர். மதுரை அருகே குகையில் வாழும் வௌவால்களை அவரும் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். குகையின் உள்ளிருட்டில் அடைத்து வைக்கப்பட்ட வௌவால்கள்கூட, சுதந்திரமாகப் பறந்து போய்வரும் கூட்டத்தின் நேரத்தை ஒட்டியே விழித்து உறங்கின என்று 1981-ல் எழுதினார்கள்.

பிறகு மனிதர்கள். கடிகாரமோ சூரிய ஒளியோ எட்டாத அறை ஒன்றில் தன்னந்தனியாக ஒரு பெண் தங்கினார். அவர் உறங்கி விழிக்கும் ஒழுங்குக்கும் மாதவிடாய்ச் சுழற்சிக்கும் பிணைப்பில்லை என்று அந்தக் குழு 1991-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தது. ஒரே உடலில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் கடிகாரங்கள்! ஆனாலும் இதை வைத்து இரவுப் பணி பெண்களை ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தபோதும் அதை மாற்றவில்லை. இரவு வெளிச்சத்தில் மெலடோனின் குறைவது ஆணுக்கும் உண்டு. எனவே பெண்ணை மட்டும் தடுத்த பழைய சட்டம் உடலியல் கணக்கிலும் பிசகானது.

2000-ம் ஆண்டுத் தீர்ப்பு தடையை வெறுமனே நீக்கிவிடவில்லை. போக்குவரத்து, பாதுகாப்பு என நிபந்தனைகளை விதித்தது. பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கோ, இரவிலிருந்து பகலுக்கோ ஒரு பெண்ணை மாற்றினால் இடையில் 12 மணி நேரமாவது தொடர் ஓய்வு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நல்ல நிபந்தனைதான். ஆனால் தலைமைக் கடிகாரம் 12 மணி நேரத்தில் திரும்பாது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். வாரம் ஒரு ஷிப்ட் என்று மாறும்போது உடல் பழகத் தொடங்கும் சமயத்தில் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பொட்டாஷ் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஷிப்டுகள் வாராவாரம் பின்னோக்கிச் சுழன்றன. சார்லஸ் சைஸ்லர் குழுவினர் அதைக் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கித் திருப்பி, 21 நாளைக்கு ஒருமுறை மாற்றினார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நிலையும் தேறின, உற்பத்தியும் கூடியது என்று 1982-ல் அறிவித்தார்கள்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று வாபஸ் ஆனது. அன்றைய விவாதம் எத்தனை மணி நேரம் என்பதைச் சுற்றியே பெரும்பாலும் நடந்தது. எந்த மணி நேரம் என்பதும் அதே அளவு முக்கியம். ஊதிய ஒப்பந்தத்தில் பஸ், கேன்டீன், போனஸ் பற்றிப் பேசும் ஒரகடத்துத் தொழிற்சங்கங்கள், ஷிப்ட் எந்தத் திசையில், எத்தனை நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.