பறம்பு: உழாமல் விளைந்த நிலத்தின் பெயர்

காரைக்குடிக்கு வடமேற்கே, சிங்கம்புணரி வட்டத்தில் நிற்கும் பிரான்மலைதான் சங்க காலப் பறம்பு, வள்ளல் பாரியின் மலை. வண்டுகள் தேனுண்ணச் சுரபுன்னை பூ உதிர்க்கும் நீண்ட வழியில், சிறு பூ முல்லைக்குப் பாரி தேர் ஈந்ததைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியபோது இதன் பெயர் கொடுங்குன்றம். கொடு என்றால் வளைவு. பாண்டிநாட்டில் பாடல் பெற்ற 14 தலங்களுள் இதுவும் ஒன்று. இன்று வழங்கும் பெயர் பிரான்மலை. பறம்புதான் மருவிப் பிரான் ஆனது என்பாரும் உண்டு. ஆனால், பிரான் என்பது இறைவனைக் குறிக்கும் தனிச்சொல். மலையில் கோயில் இருக்க, மருவலைத் தேடவேண்டியதில்லை.

பறம்பை இடையின ரகரப் பரம்போடும் குழப்பக் கூடாது. உழுத வயலைச் சமன்செய்யும் பலகை பரம்பு. வல்லின றகரப் பறம்பு, பழந்தமிழில் மலை. மலையாளத்தில் அதே சொல், அதே றகரத்தோடு, இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. நெல் விளையும் வயலுக்கு மேலாக, மேட்டில் கிடக்கும் தோட்ட நிலம் அங்கே பறம்பு. தளிப்பறம்பு போன்ற ஊர்ப்பெயர்களிலும் அது உண்டு.

மலைக்கும் தோட்டத்துக்கும் என்ன உறவு? விடை புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கிடைக்கிறது. பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரிடம், இம்மலையைப் பட்டினி போட முடியாது என்கிறார் புலவர் கபிலர். உழவர் உழாமலே அங்கே நான்கு கிடைக்கும்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இவற்றுள் பலாவும் கிழங்கும் கேரளப் பறம்புகளில் இன்றும் விளைகின்றன. வயலுக்குப் புறம்பான மேட்டு நிலம், ஏர் படாமலே சோறிடும் நிலம் என்ற கருத்தே இரு பொருளையும் இணைக்கிறது என்பது என் துணிபு.

கொடுங்குன்றம் மலையின் வடிவைச் சொல்கிறது. பிரான்மலை தெய்வத்தைச் சொல்கிறது. அந்த மலை மக்களுக்கு ஊட்டியதை நினைவூட்டுவது பறம்பு ஒன்றே. பாரியைத் தேரோடு நிறுத்திவிடாமல், அந்த நான்கு உணவையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.