பழைய பட்டியலைக் காட்டும் பகிர்வுக் கோப்புறை: ஒரு சிறு வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் அறையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பின் புள்ளிப் பட்டியலை அலுவலகக் கணினியிலுள்ள பகிர்வுக் கோப்புறையில் இட வேண்டும்; அவற்றைத் திரட்டுவது என் பொறுப்பு. காலை முதல் என் மடிக்கணினியில் திறந்தே கிடந்த சாளரத்தில் ஐந்தாம் ஆண்டின் கோப்பு மட்டும் இல்லை. நண்பகல் வரை பொறுத்திருந்துவிட்டு, அவ்வகுப்பாசிரியை இன்னும் புள்ளிகளைத் தரவில்லை என்று தலைமையாசிரியரிடம் கூறிவிட்டேன்.

ஆசிரியை அழைக்கப்பட்டார். "காலையில் மணி அடிப்பதற்கு முன்பே போட்டுவிட்டேனே, ஐயா" என்றார். நான் நம்பவில்லை. என் கண்முன்னே திரை இருந்ததே! அப்பொழுது இளம் ஆசிரியர் ஒருவர் குனிந்து எஃப்5 விசையைத் தட்டினார். கோப்பு தோன்றியது. அதன் அருகில் அன்று காலை நேரமும் பதிவாகியிருந்தது. அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பெருந்தன்மையுடன் சிரித்துக்கொண்டார். ஆயினும் திரை ஏன் அவ்வாறு காட்டியது என்னும் வினா என்னை விடவில்லை. விடையைத் தேடியபோது, அதற்கு நாற்பது ஆண்டு வரலாறு இருப்பதை அறிந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் சாளரத்தில் காண்பது கோப்புறையை அன்று. "உன்னிடம் என்னென்ன உள்ளன?" என்று நம் கணினி ஒரு நேரத்தில் வழங்கியிடம் கேட்டுப் பெற்ற விடையின் படத்தையே காண்கிறோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் பெயர்களைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறிப்பார். பத்து மணிக்கு ஒருவர் காய்ச்சலால் வீடு திரும்பினால் பதிவேடு அதை அறியாது. மெய்நிலையை அறியக் கிராணியாருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். இவ்வளவு நேரத்துக்குப் பதிவேட்டை நம்புவோம் என்று வரையறுத்துக்கொள்ளலாம். அல்லது, மாற்றம் ஏதும் நேர்ந்தால் உடனே வந்து சொல்லுமாறு கங்காணியிடம் கூறி வைக்கலாம். கோப்புப் பகிர்வின் வரலாறு முழுவதும் இம்மூன்று வழிகளின் வரலாறே.

1983ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம், ஒரு கணினியின் கோப்புகளை மற்றொரு கணினி தன்னுடையவை போலவே பயன்படுத்தும் நெறிமுறை ஒன்றை வடிவமைத்தார். முதலில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் அழைக்கப்பட்ட அது, பின்னர் எஸ்எம்பி என்று பெயர் மாறியது. இன்றும் விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்வது அந்நெறிமுறையின் வழித்தோன்றல்களால்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் இரண்டாம் வழியைப் பின்பற்றியது. லினக்ஸில் அதன் இயல்பான அமைப்பின்படி, ஒரு கோப்பைப் பற்றிய செய்தி 3 முதல் 60 வினாடிகள் வரையிலும், கோப்புறையைப் பற்றிய செய்தி 30 முதல் 60 வினாடிகள் வரையிலும் மறுவிசாரணையின்றி நம்பப்படுகிறது.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டில் பயின்ற ஒருவருக்கும் சிறப்பிடம் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற மகாதேவ் சத்யநாராயணன், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆண்ட்ரு கோப்பு முறைமையின் தலைமை வடிவமைப்பாளர்களுள் ஒருவர். அம்முறைமையின் முதல் வடிவம் முதல் வழியையே கையாண்டது. ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம், "என்னிடமுள்ள படி இன்னும் சரிதானா?" என்று வழங்கியிடம் கேட்டது. விளைவு என்ன? வழங்கிக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரே கேள்வியாகவே இருந்தன, வழங்கிகள் திணறின. எனவே மறுவடிவமைப்பில் மூன்றாம் வழிக்கு மாறினார்கள். கோப்பு மாறினால் தானே தெரிவிப்பதாக வழங்கி வாக்குறுதி அளித்தது. 1988இல் வெளியான அவர்களது ஆய்வுக்கட்டுரை இம்மாற்றத்தை விளக்குகிறது. அக்குழுவினருக்கு 2016ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் முறைமை விருது வழங்கப்பட்டது.

ஆனால் மூன்றாம் வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. செய்தி சொல்ல வருபவர் வழியில் தடுக்கப்பட்டால், கிராணியார் தம் பதிவேடு சரியென்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி நம் மேசைக் கணினிக்கு வருவோம். 1990இல் வெளியான விண்டோஸ் 3.0 கோப்பு மேலாளரைக் கொணர்ந்தது. 1992இல் வெளியான விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ், தனி வழங்கி இல்லாமலேயே கணினிகள் தமக்குள் பகிர வழிசெய்தது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் என்டி, கோப்புறை மாறினால் அறிவிக்குமாறு முன்கூட்டியே கேட்டு வைக்கும் வசதியைத் தந்தது. இருப்பினும் எஃப்5 விசை நீக்கப்படவில்லை. அறிவிப்பு எப்போதும் வந்து சேராது என்பதை அதை வைத்தவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

அக்காலப் பள்ளிக் கணினிக்கூடங்களில் பணிபுரிந்தோர் மற்றொன்றையும் கண்டிருப்பர். முறையாக மூடப்படாமல் மின்சாரம் நின்ற கணினியின் பெயர் வலையமைப்புப் பட்டியலில் நெடுநேரம் நிற்கும். ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். மூன்று முறை தவறினால்தான் பெயர் நீக்கப்படும். துணைப் பட்டியல்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறையே புதுப்பிக்கப்படும். ஆக, இல்லாத கணினி 51 நிமிடங்கள் வரை பட்டியலில் "இருக்க" முடிந்தது.

விண்டோஸ் விஸ்டாவுடன் எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பு வந்தது. வேகத்திற்காக அது கோப்புறைப் பட்டியலை 10 வினாடிகள் நினைவில் வைத்தது. "அப்படியொரு கோப்பு இல்லை" என்னும் விடையைக்கூட 5 வினாடிகள் நினைவில் வைத்தது. 2012இல் வந்த மூன்றாம் பதிப்பு, கோப்புறைகளுக்கும் வாக்குறுதி முறையை விரிவாக்கியது. லினக்ஸில் 2005 முதல் உள்ள ஐநோட்டிஃபை என்னும் கண்காணிப்பு வசதிக்கும் ஓர் எல்லை உண்டு. தன் கணினி வழியாக நிகழும் மாற்றங்களையே அது அறியும். தொலைவிலுள்ள வழங்கியில் வேறொருவர் செய்ததை அறியாது.

என் மடிக்கணினிக்கு நேர்ந்தது இதுவே என்று கருதுகிறேன். ஓய்வு நேரத்தில் மூடியைச் சாத்தினேன். கம்பியில்லா இணைப்பு அறுந்தது. அதனுடன் அறிவிப்பு ஏற்பாடும் போயிற்று. மீண்டும் திறந்தபோது காலையில் வரைந்த படமே நின்றது.

இத்தகைய சிக்கல் நேரும்போது வரிசையாகச் சோதிக்கலாம். முதலில் எஃப்5ஐத் தட்டுக. பயனில்லையேல் சாளரத்தை மூடி மீண்டும் திறக்க. அடுத்து, வேறொரு கணினியிலிருந்து அதே கோப்புறையைப் பார்க்க. பின்னர் வழங்கியிலேயே சென்று பார்க்க. அங்குக் கோப்பு இருந்தால் குறை நம் கணினியின் நினைவில் உள்ளது. அங்கும் இல்லையெனில் இட்டவர் வேறு கோப்புறையில் இட்டிருக்கலாம். இணைப்பற்ற கோப்புகள் என்னும் வசதி இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இயங்கினால் நாம் காண்பது நம் வட்டிலுள்ள படியாகவே இருக்கலாம். பட்டியலை நினைவில் வைக்கும் நேரத்தைச் சுழியமாக்கவும் இயலும். ஆனால் அப்போது ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்பும் கிராணியாரின் நிலைதான், வலையமைப்பு மெதுவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சோதனைகளை முடிக்கும்வரை பழைய படியை வழங்கியில் சேமிக்காதீர்கள். பிறர் உழைப்பு அழிந்துவிடும்.

எங்கள் ஊர் 2003 டிசம்பர் 21ஆம் நாள் மாநகரமானபோது அதன் பெயர் அலோர் ஸ்டார் என்று அறிவிக்கப்பட்டது. 2009 ஜனவரியில் மீண்டும் அலோர் செத்தார் ஆயிற்று. ஆனால் தமிழர் நாவில் இன்றும் அலோர் ஸ்டார்தான். பழைய பட்டியலை வைத்திருப்பது கணினி மட்டுமன்று, நாமும் அப்படித்தான். ஊர்ப் பெயரில் அதனால் தீங்கில்லை. ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றிய முடிவில் தீங்கு உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியை மாணவர்களுக்குப் பல்லாண்டு கற்பித்தவன் நான். அதை எனக்குக் கற்பிக்க ஒரு விசை வேண்டியிருந்தது.