மேசையிலிருந்து திரைக்கு வந்த கட்டில் படம்

போஸ்டன் பெயர்சொல் தேர்வில் முதல் படம் கட்டில், கடைசிப் படம் மணிச்சட்டம். காப்லன், குட்கிளாஸ், வைன்ட்ராப் மூவரும் 1983-இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பில் மொத்தம் 60 கோட்டோவியங்கள். பக்கவாதத்தில் பேச்சு போனவர் முன் மேசையில் படத்தை வைத்து, "இது என்ன?" என்று கேட்பார் பேச்சுப் பயிற்சியாளர். கட்டில் எதற்கு என்று நோயாளிக்குத் தெரியும். பெயர்தான் வாயில் வராது. அப்போது பயிற்சியாளர் "க..." என்பார். சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தன் அடியெடுத்துக் கொடுத்ததுபோல, அந்த ஓர் ஒலியிலேயே பலருக்குச் சொல் வந்துவிடும்.

அந்த ஒலி ஊர் தாண்டிப் போகத் தொடங்கியது 1970-களில். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகர முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலிருந்து, தொலைவில் இருந்த நோயாளிகளுக்குத் தொலைபேசியிலேயே பயிற்சி கொடுத்தார் குவெனித் வான். குரல் போனது, முகம் போகவில்லை. 1987-இல் ஆய்வாளர் வெர்ட்ஸ் குழுவினர் நேரில் ஒரு முறை, மூடிய சுற்றுத் தொலைக்காட்சியில் ஒரு முறை, தொலைபேசியோடு லேசர் வட்டு சேர்த்து ஒரு முறை என்று சோதித்துப் பார்த்தார்கள். மூன்றிலும் கண்டறிந்தது பெரும்பாலும் ஒத்துப்போனது. 2008-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டெபோரா தியோடோரோஸ் குழு இத்தகைய நோயாளிகள் 32 பேரை இணையவழி காணொளியில் மதிப்பிட்டது. கட்டில் இப்போது நோயாளியின் திரையில். நேரில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, உலகெங்கும் பயிற்சியாளர்கள் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

படம் சுலபமாக வந்துவிடுகிறது. வாய்தான் சிரமம். "ப", "ம" என்றால் உதடு மூடுவது தெரியும். "க" பிறப்பது அடிநாக்கில், கேமராவுக்குத் தெரியாது. இணைப்பு திணறினால் உதடு முன்னே போகும், ஒலி பின்னே வரும். எடுத்துக் கொடுப்பதே வீணாகிவிடும். ஆகவே பயிற்சியாளரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், திரை முழுக்க முகம் தெரிய வேண்டும். நோயாளிகள் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கும். அவர்களுக்குத் திரையைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருப்பது நல்லது, பதிலை முந்திக்கொண்டு சொல்லாமல்.

பக்கவாதத்தோடு வரும் விழுங்கும் சிரமத்தைப் பார்க்க நேரில் போவது நல்லது. ஆனால் சொல்லை மீட்கும் பயிற்சிக்குத் திரை போதும் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கை கால் பயிற்சிக்கு மட்டும் சீட்டு வாங்கி வராதீர்கள். பேச்சுப் பயிற்சியையும் கேளுங்கள். ஊர் தூரம் என்றால் காணொளியில் தருவார்களா என்று கேளுங்கள்.